முறியும் சத்தம்

பதினேழு வயசுப் பையன் ஒருவனைத் தனியே அனுப்பினால், தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுச் சமர்த்தாகத் திரும்பி வருவான். அவனையே இருபது பேரோடு சேர்த்து அனுப்புங்கள். பெட்டி இருந்த இடத்தில் இருக்குமா என்பது சந்தேகந்தான்.

1965-ல் தமிழ்நாடு இதைக் கண்ணாரக் கண்டது. ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சி மொழி என்ற நிலை வந்தபோது மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். 25-ஆம் தேதி மதுரையில் ஊர்வலத்தின்போது கைகலப்பு மூண்டது. பிறகு சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூடு. அண்ணாமலைப் பல்கலைக் கழக மாணவர் ராஜேந்திரன் உயிரிழந்தார். கல்லூரிகளை மூடினார்கள். வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளைகள் வீதியில் இருந்தார்கள். ரயில்களும் தபால் நிலையங்களும் எரிந்தன. திருப்பூரில் போலீஸ் அதிகாரிகள் இருவரை உயிரோடு கொளுத்தியது ஒரு கும்பல். அரசாங்கக் கணக்கிலேயே மாண்டவர்கள் சுமார் எழுபது பேர்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது; அதை நான் மறுக்கவில்லை. டில்லியைக் கல்லால் அடிக்க முடியாது. சின்ன ஊர்களில் டில்லிக்கு இருந்த முகம் தபால் நிலையமும் ரயிலடியுந்தான். ஆகவே அவற்றின் மேல் கல் விழுந்தது. ஆனால் காரணம் ஒன்று, கல் வேறு. இந்தியை எதிர்த்துக் கொளுத்திய தபால் நிலையத்தில் எரிந்தவை பெரும்பாலும் தமிழ்க் கடிதங்களாகத்தானே இருந்திருக்கும்? அவற்றில் ஒரு தாய்க்கு மகன் எழுதியதும் இருந்திருக்கலாம். கொளுத்தியவர்களில் எவனும் தனியாக வந்திருந்தால் அந்தக் கடிதத்தை எரித்திருக்கமாட்டான்.

பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்தில் ஒரு தோப்புக்காரர் என்னிடம் சொன்னார்: "திருடன் ஒத்தையா வருவான் ஐயா. காயைப் பறிச்சுக்கிட்டுப் போயிடுவான். இந்தப் பசங்க கும்பலா வந்தா கிளையையே ஒடிப்பாங்க. அவங்களுக்குக் காய் வேண்டாம்; முறியற சத்தம் வேணும்."

அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூட நாலு பேர் வேண்டும் என்பதுதான் சூட்சுமம். 2005-ல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடியபோது சிறுவர்களும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் துணிந்தார்கள். தோழர்கள் அருகில் நின்று பார்த்தபோது சிறுவர்களின் துணிச்சல் தாறுமாறாக ஏறியது; பெரியவர்களிடம் மாற்றமில்லை. கூட்டம் பையனுக்குச் சபையாகவும் இருக்கிறது, மறைவிடமாகவும் இருக்கிறது. கைதட்டல் அவனுக்கு, பழி எல்லோருக்கும்.

அப்படியானால் தடிதான் மருந்தா? சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. ஓராண்டுக்கு முன்னரே, 1964 ஜனவரி 25-ல், திருச்சி ரயில் நிலையத்தருகே கீழப்பழுவூர்ச் சின்னசாமி தீக்குளித்து மாண்டிருந்தார். அவர் பிறர் பொருளைத் தொடவில்லை, தம்மையே அழித்துக்கொண்டார். அந்த வழியும் வேண்டாம். ஓர் உயிர் எந்த மொழிக்கும் விலையாகக் கூடாது. ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகும் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. 1965 பிப்ரவரி 11-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி கூறினார். மறுநாளே மாணவர் குழு கிளர்ச்சியை ஒத்தி வைத்தது. தீ உடனே அணைந்துவிடவில்லை. அன்றுதான் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. என்றாலும் படிப்படியாகத் தணிந்தது. துப்பாக்கி செய்யாததை ஒரு பேச்சு தொடங்கி வைத்தது.

1967-ல் விருதுநகரில் காமராஜரையே ஒரு மாணவர் தலைவர் தேர்தலில் தோற்கடித்தார். அந்தக் கிளர்ச்சியை நாம் இன்று பெருமையாகப் பேசுகிறோம். எரிந்த கடிதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொன்னால், சத்தம்தான் வெற்றி தந்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.