அனிமேஷன் இளவரசிகளின் அறிவுத்திறன்

தேவதைக் கதைகளைத் தழுவிய அனிமேஷன் படங்களின் இளவரசிகளில் யார் கெட்டிக்காரி, யார் ஏமாளி என்று எடைபோடுவது, அப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு. பெரும்பாலும் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் 1937 முதல் எடுத்த படங்களின் நாயகியரே இதில் பேசப்படுகின்றனர். பரவலாகச் சொல்லப்படும் வரிசையில், புத்தகமும் கையுமாகத் திரியும் பெல்லுக்கு முதலிடம். முன்பின் தெரியாத கிழவி நீட்டிய ஆப்பிளைக் கடித்த ஸ்னோ ஒயிட்டுக்குக் கடைசி இடம். இந்த வரிசை நியாயமானதல்ல. ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்று பார்ப்பதே அறிவை அளக்கும் முறை.

மூலக் கதையும் படமும்

பழைய கதைகளின் பெண்கள் அறிவில் குறைந்தவர்கள், பிற்காலப் படங்களே அவர்களுக்கு மூளையைக் கொடுத்தன என்ற எண்ணம் தவறு. கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் அரசி மாறுவேடத்தில் மூன்று முறை வருகிறாள். கச்சுக் கயிற்றிலும் நச்சுச் சீப்பிலும் ஏமாந்த சிறுமி, மூன்றாம் முறை ஆப்பிளை வாங்க மறுக்கிறாள். அரசி பழத்தை இரண்டாக வெட்டி, நஞ்சில்லாத பாதியைத் தானே தின்று காட்டிய பிறகுதான் நம்புகிறாள். பட்டுத் தெளிந்த எச்சரிக்கை அது. 1937-ஆம் ஆண்டுப் படம் முதல் இரண்டு வருகைகளையும் நீக்கியது. அவற்றோடு அந்த மறுப்பும் போயிற்று. கேட்ட வரம் தரும் ஆப்பிள் என்றதும் கடித்துவிடும் பெண்ணே திரையில் எஞ்சினாள். ஆனாலும் சமைத்துப் போடுகிறேன், துவைக்கிறேன் என்று பேசிக் குள்ளர்களின் வீட்டில் அடைக்கலம் பெறுவதும், கை கழுவாமல் வந்தவர்களுக்குச் சோறில்லை என்று நிற்பதும் அவள்தான். பேரம் பேசத் தெரிந்தவளை முட்டாள் என்று தள்ளிவிட முடியாது.

சிண்டரெல்லாவுக்கு நேர்ந்ததும் இதே இழப்புதான். பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-இல் எழுதிய கதையில், வண்டியோட்டிக்கு என்ன செய்வது என்று தேவதை திகைக்கும்போது, எலிப்பொறியில் எலி இருக்கிறதா பார்க்கிறேன் என்று யோசனை சொல்பவள் சிண்டரெல்லா. 1950-ஆம் ஆண்டுப் படத்தில் அந்தப் பங்கு அவளுக்கு இல்லை. கடைசிக் காட்சியில் மட்டும் பழைய கூர்மை தெரிகிறது: சிற்றன்னை சதிசெய்து கண்ணாடிச் செருப்பை உடைத்ததும், பதறாமல் மற்றொரு செருப்பை எடுத்து நீட்டுகிறாள். சான்றைப் பத்திரப்படுத்தி, உரிய தருணம்வரை வாய்திறக்காமல் இருந்தது சாதாரணமான புத்தியல்ல.

1959-இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் அரோரா பேசுவதே சொற்பம். மந்திரத்தில் கட்டுண்டுதான் தக்ளியைத் தொடுகிறாள். அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை.

புத்தகமும் புத்தியும்

பெல்லின் வாசிப்புப் பழக்கம் திரைக்கதையாசிரியர் லிண்டா வூல்வர்டன் 1991-ஆம் ஆண்டுப் படத்துக்காகப் புதிதாகக் கண்டதல்ல. 1756-இல் மதாம் த போமோன் எழுதிய கதையிலேயே அவள் படிப்பாளிதான். படத்தில் அவளை மணக்கத் துடிக்கும் கஸ்தோனின் வெறுமையை ஊரே பார்க்கத் தவறியபோது அவள் கண்டுகொள்கிறாள். ஆனால் தந்தை பைத்தியமல்ல என்று நிரூபிக்க, கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன் மாயக் கண்ணாடியில் மிருகத்தைக் காட்டி, கோட்டையின்மேல் படையெடுப்புக்கு அவளே வழிவிடுகிறாள். புத்தகம் அவள் அறிவுக்கு ஓர் அடையாளம். சான்று வேறு இடத்தில் தேட வேண்டியது.

ஏரியல் (1989) முள்கரண்டியால் தலைவாரியதை வைத்துக் கேலி செய்வது கொடுமை. கடற்புறா சொன்ன தவறான தகவலை நம்பினாள். சரிபார்க்க அவளுக்கு வேறு வழி ஏது? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள், குரலை இழந்த பிறகு இளவரசனுக்கு ஏன் எழுதிக் காட்டவில்லை என்ற கேள்வி வலுவானது. ஆனால் அந்த ஓட்டை கதையமைப்பில் உள்ளது. பழியை அவள்மேல் போடலாகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்திட்டது மட்டும் அவளுடைய தவறேதான்.

ஜாஸ்மினின் (1992) சமயோசிதம் போதிய அளவு பேசப்படுவதில்லை. சந்தையில் அலாவுதீன் அவளைப் புத்தி பேதலித்த தங்கை என்றதும், நொடியில் புரிந்துகொண்டு குரங்கைச் சுல்தானாக வணங்குகிறாள். பிறகு குரங்கின் பெயரைப் பேச்சுவாக்கில் நுழைத்து, இளவரசனாக வந்த அலாவுதீனின் வேடத்தைக் கலைக்கிறாள்.

மொழியியலாளர்கள் கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட கணக்கு இங்கே முக்கியமானது. ‘அலாவுதீன்’ வசனங்களில் 90 சதவீதமும் ‘மூலான்’ வசனங்களில் 77 சதவீதமும் ஆண் பாத்திரங்களுடையவை. தொடக்ககாலப் படங்களில் பெண்கள் பெற்ற பாராட்டுகளில் 55 சதவீதம் அழகுக்கு, 11 சதவீதமே திறமைக்கு. அண்மைக்காலப் படங்களில் திறமைக்கான பங்கு 40 சதவீதம். பேச வாய்ப்பே தராமல் அறிவைக் கேள்வி கேட்பது எப்படி?

ரபுன்சலும் மூலானும்

பதினெட்டு ஆண்டுகள் ஒரே கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சல் (2010), நட்சத்திரங்களைக் குறித்துவைத்து அவை மாறாதவை என்று அறிகிறாள். ஆகவே தன் பிறந்தநாளில் மட்டும் எழும் ஒளிகள் நட்சத்திரங்களாக இருக்க முடியாது என்று முடிவு கட்டுகிறாள். இது ஆராய்ச்சியாளரின் மூளை. திருடனின் பையை ஒளித்துவைத்து அவனையே வழித்துணையாக்குவதும், தான் வரைந்த சுவரோவியங்களில் மறைந்திருந்த சூரியச் சின்னத்தால் தன் பிறப்பை உணர்வதும் அவள் செயல்களே.

மூலான் (1998) பிறப்பாலோ மணத்தாலோ இளவரசியல்ல. டிஸ்னியின் இளவரசிகள் வரிசையில் சேர்க்கப்பட்டவள். வீரர்களுக்குச் சுமையாகத் தரப்பட்ட இரு எடைகளையே ஒன்றாகப் பிணைத்துக் கம்பத்தில் ஏறுகிறாள். எஞ்சிய ஒரே வெடிவாணத்தை எதிரித் தலைவன்மேல் விடாமல் பனிமலைமேல் விட்டு, பெரும்படையைச் சரிவில் புதைக்கிறாள். கம்பத்தில் கற்றதை மறக்காமல் அரண்மனைத் தூணில் மீண்டும் பயன்படுத்துகிறாள்; இறுதியில் விசிறியால் எதிரியின் வாளைப் பறிக்கிறாள். கற்றது, மாற்றியது, புதிய இடத்தில் பொருத்தியது என மூன்றும் ஒரே ஆளிடம் தெரியும் படம் இதுவே. அறிவை அளவுகோலாகக் கொண்டால் முதலிடம் மூலானுக்கு, இரண்டாமிடம் ரபுன்சலுக்கு. பெல் அவர்களுக்குப் பின்னரே வருகிறாள்.