கல்லேடும் கடன்பத்திரமும்: கெடிலக்கரையில் நீர்க்காப்புக்கான நிதி

முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோரின் படைத்தலைவன் மணவிற்கூத்தன் நரலோகவீரனின் திருப்பணிகள் திருவதிகை வீரட்டானத்திலும் தில்லையிலும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. மண்டபங்களோடு குளம், சாலை ஆகியனவும் அவற்றுள் இடம்பெறுகின்றன. ஆயினும் அவை ஒருவனது கொடை. ஆண்டுதோறும் தூர்வார வேண்டிய ஏரிக்குக் கொடை போதாது, தொடர்வருவாய் வேண்டும்.

சோழர்காலச் சபைகள் இதனை அறிந்திருந்தன. ஏரிப்பட்டி என ஒதுக்கிய நிலத்தின் விளைச்சல் கரையைக் காத்தது. பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. கடன் நடைமுறைக்குத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் சான்று: கோயிற் காசைப் பெற்ற சபைகள் காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, வட்டியளிக்க உடன்பட்டன. முதல் சபையிடமே நின்றது; வட்டி சந்திரசூரியர் உள்ளவரை தொடரவேண்டும். அவ்வுடன்படிக்கையின் பதிவேடு கோயிற்சுவரே.

2023 பிப்ரவரியில் ஹாங்காங் அரசு 80 கோடி ஹாங்காங் டாலர் மதிப்பில் பிளாக்செயின் வழிப் பசுமைக் கடன்பத்திரம் வெளியிட்டது. எவரும் தனித்துத் திருத்தவியலாத பொதுப் பதிவேடு என்பது அதன் சிறப்பாகக் கூறப்படுகிறது. கல்வெட்டறிஞர்க்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. ஆனால் வட்டி செலுத்தியது சுவரன்று. சபைக்கு நிலத்தின்மீதும் வரியின்மீதும் அதிகாரம் இருந்தது. கணக்குக் கேட்போரும் அண்மையிலேயே இருந்தனர்.

தமிழகத்தின் சிறு நகராட்சிகள் தனித்துக் கடன்சந்தையை அணுக இயலாமையால், 2002-இல் நீர், துப்புரவுப் பணிகளுக்கான தொகுப்பு நிதியத்தின்வழி 30.41 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. மாநில நிதிப்பகிர்வைப் பிடித்தம் செய்யும் ஏற்பாடும் அமெரிக்க வளர்ச்சி முகமையின் பகுதிப் பொறுப்புறுதியும் அதற்குத் துணைநின்றன. சென்னை மாநகராட்சி 2025-இல் கொசஸ்தலை வடிநிலத்தின் மழைநீர் வடிகாலுக்கென 200 கோடி ரூபாய்க் கடன்பத்திரம் வெளியிட்டது. பெருநகருக்கு அது இயன்றது.

கடலூரின் நிலை வேறு. 2011-இன் தானே புயலுக்குப்பின் அங்கு மின்கம்பிகளைப் புதைவடமாக்கும் பணி உலக வங்கிக் கடனில் மாநில அரசின்வழி நடந்தது. நகரம் கடனாளியாகவும் இல்லை, முடிவெடுப்போராகவும் இல்லை. 2021-இல் கடலூர் மாநகராட்சியாயிற்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. கெடிலக்கரையிலோ, திருவதிகையை உள்ளடக்கிய பண்ருட்டியிலோ வெள்ளத்தடுப்புக்குக் கடன்பத்திரம் வெளியிடவேண்டுமாயின், எந்த ஏட்டில் எழுதுவது என்பது பிற்பட்ட வினா. குடிநீரைப் போல மழைநீர் வடிகால் கட்டணம் ஈட்டுவதில்லை. ஏரிப்பட்டிக்கு நிகராக நகராட்சியிடம் இன்று எந்த வருவாய் உள்ளது என்பதே முதலில் ஆராயத்தக்கது.