யானையின் வாயும் யானையின் காலும்

வாழ்க்கையில் வழி தெரியாது நிற்பவர்க்கு அறிவுரை கூறுவதையே தொழிலாகக் கொண்டோர் இந்நாளில் பலர் உளர். அவர்கள் பெரிதும் நம்பிக் கையாளும் கருவி இயற்கை உவமை. வாழ்வை ஆறு என்பர். மனத்தை வயல் என்பர். துன்பத்தைக் கோடை என்பர். மேலைநாட்டிலிருந்து வந்த புதுமுறை என்றே இதனைப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் தமிழில் இம்முறைக்குப் பெயர் உண்டு, இலக்கணமும் உண்டு. யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் கூறினார் என்னும் குறிப்பும் உண்டு. அக்குறிப்புகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் சங்கப் புலவர்கள் இயற்கையை எதற்காகத் துணைக்கு அழைத்தனர் என்பது விளங்கும்.

அரசனுக்கு அறிவுரை கூறும் துறையைச் செவியறிவுறூஉ என்றனர் முன்னோர். இதனோடு சேர்த்து எண்ணப்படுவது வாயுறை வாழ்த்து. வாயுறை வாழ்த்துக்கு இலக்கணம் கூற வந்த தொல்காப்பியர், அவ்வறிவுரை முதலில் வேம்பு போலக் கசந்தாலும் பின்னர்ப் பயன் தரும் என்னும் கருத்தில் சூத்திரம் செய்துள்ளார். அறிவுரையின் இலக்கணத்தைச் சொல்வதற்கே ஒரு மரத்தின் துணை வேண்டியிருந்தது.

கசப்பு மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பது எளிது. கையில் வாளும் பின்னே படையும் உடைய மன்னனுக்கு அதனை எப்படிக் கொடுப்பது? புறநானூற்றின் 184-ஆம் பாட்டு இதற்கு விடை.

பாண்டியன் அறிவுடைநம்பியிடம் சென்று பிசிராந்தையார் பாடியது அப்பாட்டு. வரி வாங்கும் முறையைப் பற்றியது. ஆனால் புலவர் வரியிலிருந்து தொடங்கவில்லை. விளைந்த நெல்லிலிருந்து தொடங்குகிறார். முற்றிய நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்கு ஊட்டினால், ஒரு மாவிற்கும் குறைந்த நிலத்தின் விளைவே பல நாளைக்குப் போதும். நூறு வயல் இருந்தாலும், யானை தானே தனியாகப் புகுந்து தின்னத் தொடங்கினால், அதன் வாய்க்குள் போவதைக் காட்டிலும் காலில் மிதிபட்டு அழிவது மிகுதி. இவ்வளவையும் சொல்லிய பின்னரே அரசனைப் பற்றிப் பேசுகிறார். அறிவுடைய வேந்தன் முறையறிந்து வரி கொண்டால் நாடு கோடிக்கணக்கில் ஈட்டித் தந்து தானும் தழைக்கும். அறிவு குன்றிய வேந்தன், தரமறியாத ஆரவாரச் சுற்றத்தோடு சேர்ந்து, குடிகளின் அன்பு கெடும்படி பொருள் பறிக்க விரும்பினால், யானை புகுந்த வயல் போல அவனும் உண்ணமாட்டான், உலகமும் கெடும்.

இவ்வுவமையின் பொருத்தம் பெரும்பாலும் மேலோட்டமாகவே விளக்கப்படுகிறது. யானை அரசன், வயல் நாடு என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். ஆனால் பாட்டின் நுட்பம் வாயையும் காலையும் பிரித்துக் காட்டியதில் இருக்கிறது. யானைக்குப் பசி உண்டு என்பதைப் புலவர் மறுக்கவில்லை. அதற்கு உணவிட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரியே தவறு என்று பேசியிருந்தால் எந்த அரசனும் காது கொடுத்திருக்க மாட்டான். வாய் கொள்வது சிறிது. இழப்பெல்லாம் காலால் வருவது. அந்தக் கால்கள் யாவை என்பதைப் பின்வரும் அடிகளில் உள்ள ஆரவாரச் சுற்றம் என்னும் கருத்தே உணர்த்திவிடுகிறது. கருவூலத்துக்கு வந்து சேர்வது ஒரு பங்கு; தண்டுவோர் கையிலும் காலிலும் சிதைவது பல பங்கு. வேந்தனின் தேவையை ஏற்றுக்கொண்டு, அத்தேவை நிறைவேறும் முறையை மட்டும் கண்டித்தார் புலவர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. யானை அரசனுக்கு இழிவான உவமை அன்று. அவன் ஏறிச் செல்லும் பெருமைக்குரிய விலங்கு அது. யானை வயலில் புகுந்தால் என்ன ஆகும் என்பது பாண்டியனுக்குப் புலவர் சொல்லித் தெரிய வேண்டியதும் அன்று. பாட்டின் முற்பகுதியைக் கேட்கும்போதே, அந்த யானையைத் தடுக்க வேண்டும் என்று அவன் உள்ளம் தீர்ப்புச் சொல்லியிருக்கும். பிற்பகுதியைக் கேட்கும்போது அத்தீர்ப்பு தன்மேலேயே வந்து விழுவதைக் காண்பான். தீர்ப்புக் கூறியவன் அவனே ஆதலால் புலவர்மேல் சினங்கொள்ள இடமில்லை.

அறிவுடைநம்பி கேட்டானா, கேட்டபின் வரிமுறையை மாற்றினானா என்பதைப் பாட்டின் அடிக்குறிப்பு சொல்லவில்லை. ஆனால் 191-ஆம் பாட்டில், ஆண்டு பல ஆகியும் தமக்கு நரை இல்லாமைக்குக் காரணம் கூறும் பிசிராந்தையார், தம் வேந்தன் அல்லவை செய்யாது காப்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் எண்ணம் எழுவது இயல்பு. எண்ணமாகவே அதனை நிறுத்திக்கொள்வது நலம், சான்று இல்லை.

பயன் விளைந்தது என்று குறிப்போடு கூறும் பாட்டும் உண்டு. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் பாடிய 35-ஆம் பாட்டு அது. அதைப் பாடி அவர் தம் நிலத்துக்குரிய பழைய வரிக் கடனை நீக்கிக்கொண்டார் என்று அடிக்குறிப்பு கூறுகிறது. காட்சிக்கு எளியவனாக வேந்தன் இருந்தால், முறை வேண்டி வந்தோர் மழை வேண்டியபோது மழை பெற்றவர் ஆவர் என்கிறார் புலவர். வானளாவ உயர்ந்த வெண்குடை வெயிலை மறைக்கப் பிடித்தது அன்று, வருந்திய குடிகளுக்கு நிழலாகப் பிடித்தது என்கிறார். போர்க்களத்தில் பெறும் வெற்றியும் உழவனின் கொழு கீறிய சாலில் விளைந்ததன் பயனே என்கிறார். மழை பொய்த்தாலும், விளைவு குன்றினாலும், இயற்கைக்கு மாறானவை தோன்றினாலும் உலகம் அரசரையே பழிக்கும் என்று நினைவூட்டிவிட்டு, எருதைப் பேணும் உழவரைப் பேணு என்று முடிவாக வேண்டுகிறார். மழை, வெயில், நிழல், உழுசால் என்று மன்னனின் கண் வானத்திலிருந்து படிப்படியாக மண்ணுக்கு இறக்கப்படுகிறது. மண்ணை வந்தடைந்தபோது அங்கே புலவரின் வரிப்பாக்கி காத்திருக்கிறது! தம் சொந்த வேண்டுகோளை இவ்வளவு பெருந்தன்மையான துணியில் சுற்றித் தந்தவர் வேறு யாரும் இலர் எனலாம்.

பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் பாடிய 18-ஆம் பாட்டு உவமையைக்கூட வேண்டாது நிற்கிறது. நிலமும் நீரும் கூடினால் உணவு; உணவே உடம்பு; ஆகவே நீரையும் நிலத்தையும் கூட்டியவர் உடலையும் உயிரையும் படைத்தவர் ஆவர். நிலம் பள்ளமான இடங்களில் நீர்நிலை அமைக்க வேண்டும் என்பதே அங்கே தரப்படும் அறிவுரை. போரில் பெரும்புகழ் பெற்றவனிடம் போய்க் குளம் வெட்டு என்று சொல்லத் துணிவு வேண்டும்.

உயிரே ஊசலாடிய இடங்களில் இம்முறை எப்படிப் பயன்பட்டது என்பதைக் கோவூர்கிழார் பாட்டுகள் காட்டும். 45, 46, 47 என்று தொடர்ந்து நிற்கும் மூன்றும் அவர் பாடியவை.

நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் இடையிட்டுக் காத்தார். பரிசிலர் வாழ்வு எத்தகையது என்று கூற வந்தவர் முதலில் பறவைகளைக் காட்டினார். வள்ளல்களை நினைந்து, நெடிய வழி பல கடந்து, பறவை போலச் செல்பவர் புலவர். பெற்றதை உண்டும் கொடுத்தும் வாழ்பவர். பிறர்க்குத் தீங்கு எண்ணுவது அவ்வாழ்வில் உண்டோ என்று வினவினார். ஒற்றனா அல்லனா என்று வழக்காடியிருந்தால் மெய்ப்பிக்கச் சான்று கேட்டிருப்பர். பறவை எல்லை கடப்பதற்கு யார் சான்று கேட்பார்?

கிள்ளிவளவன் மலையமானின் சிறுமக்களை யானைக்கு இட முயன்றபோது கோவூர்கிழார் வேறு வழி கொண்டார். இவன் புறாவின் துன்பம் தீர்த்தவன் மரபினன் என்று ஒருபுறம் நினைவூட்டினார். மறுபுறம், அங்கே நின்ற குழந்தைகளையே பார்க்கச் செய்தார். யானையைக் கண்டதும் அவர்கள் அழுகையை மறந்துவிட்டனர். அவர்களை மருட்டியது அம்மன்றம்தான், புதிய முகங்கள் நிறைந்த அம்மன்றம். கொல்ல வந்த விலங்கு குழந்தைக்கு வேடிக்கை. அதனை ஏவ வந்த மனிதர் கூட்டம் குழந்தைக்கு அச்சம். இங்கே உவமை ஏதுமில்லை. கண்முன் நின்ற யானையே போதுமானதாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொன்னேன், கேட்டாயானால் நீ விரும்பியதைச் செய் என்ற பொருளில் புலவர் பாட்டை முடித்துவிட்டார். முடிவை அரசன் கையிலேயே விட்டது பணிவா, துணிவா என்று பிரித்தறிவது கடினம். குழந்தைகள் உயிர் பிழைத்தனர் என்று அடிக்குறிப்பு கூறுகிறது.

எல்லா இடத்தும் வெற்றி கிட்டியது என்று எண்ணிவிடல் ஆகாது. நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான். நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தான். இருவரும் சோழர். பனந்தோடு சேரனுக்கு அடையாளம், வேம்பு பாண்டியனுக்கு அடையாளம், உன் கண்ணியும் ஆத்தி, உன்னோடு பொருபவன் கண்ணியும் ஆத்தி என்றார் கோவூர்கிழார். ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே; இருவரும் வெல்வது இயலாது; உங்கள் பகை பிறர்க்கே மகிழ்ச்சி. ஒரு பூவை எடுத்து இருவர் நெஞ்சுக்கும் நேரே நீட்டியது போன்ற பாட்டு அது. ஆனால் 47-ஆம் பாட்டின் குறிப்பில் நெடுங்கிள்ளிக்குரிய அடைமொழி காரியாற்றுத் துஞ்சிய என்பது.

இந்த அடிக்குறிப்புகள் பாடிய காலத்தன அல்ல, தொகுத்தோர் பின்னர்ச் சேர்த்தவை என்று கருதும் ஆராய்ச்சியாளர் உளர். அது பொருந்தக்கூடியதே. எனினும் 1894-இல் உ. வே. சாமிநாதையர் பழைய உரையோடு பதிப்பித்து வெளியிட்ட நாள் முதல் இக்குறிப்புகள் பாட்டோடு ஒட்டியே வந்துள்ளன. வகுப்பில் இவற்றை விடுத்து உவமை, உவமேயம், உவமஉருபு என்று மட்டும் பிரித்துக் காட்டினால், வயலும் யானையும் எஞ்சும். வரி கட்ட இயலாத குடியும், யானைமுன் நின்ற குழந்தையும் மறைந்துபோவர். பிற்கால நீதிநூல்களில் இவ்வுவமைகள் யாரிடம் கூறப்பட்டன என்ற செய்தி இன்றிப் பொதுநீதியாகி நின்றதும் இத்தகைய இழப்பே.

அரசன் எவனும் இல்லாமலே பாடப்பட்ட அறிவுரை ஒன்று புறநானூற்றில் எல்லாரும் அறிந்தது: கணியன் பூங்குன்றனாரின் 192-ஆம் பாட்டு. மழை பெய்து பெருகி, கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீரின் வழியே போகும் தெப்பம் போல, உயிர் முறையின் வழியே செல்லும் என்பது அதன் உவமை. இதனை ஊழ்க்கு அடங்கிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லும் பாட்டு என்று சிலர் கொள்வர். அப்படியாயின் உவமையோடு பாட்டு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆகையால் பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்று மேலே செல்கிறது. தெப்பத்தைக் கண்டவன் தன்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதைவிட, பக்கத்துத் தெப்பத்தில் போகிறவனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் முடிவு. அதிலும் வியத்தலைவிட இகழ்தலையே மிகுதியாக விலக்கியது பூங்குன்றனாரின் தனிச்சிறப்பு.

அவர் பாட்டு இன்னொன்று நற்றிணையில் 226-ஆவதாக உள்ளது. அதில் பேசுபவள் பிரிவால் வருந்தும் ஒரு பெண்; கேட்பவள் அவள் தோழி. மரம் பட்டுப்போகும்படி அதிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ள மாட்டார் மாந்தர் என்கிறாள். நாட்டின் வளம் கெடும்படி மன்னர் பொன் வாங்க மாட்டார் என்கிறாள். பிசிராந்தையார் பாண்டியன் செவியில் போட்ட செய்தியே இது. தன் உயிர் அவராலேயே நிற்கிறது என்று அறிந்திருந்தும் பொருள் தேடிப் போகும் தலைவரைக் குறித்து, அரசியல் எதுவும் அறியாத வீட்டுப் பெண் இவ்வாறு கூறுகிறாள்.