படை மருந்தாளரும் தோட்டத்து டிஸ்பென்சரும்

மலைநாட்டின் சரித்திரத்தைக் கோப்பியிலிருந்தோ தேயிலையிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நுவரெலியாவின் சரித்திரமோ இராணுவ வைத்தியத்திலிருந்து தொடங்குகிறது. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817–18 இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்ற படைகளைக் குண்டைக் காட்டிலும் காய்ச்சலே அதிகமாக வீழ்த்தியது. அதற்கு மறு ஆண்டில் இந்தச் சமவெளியைக் கண்டு, பின்னர் தமது நூலில் வருணித்த ஜோன் டேவி ஓர் இராணுவ வைத்தியர். 1820களின் இறுதியில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் நோயுற்ற சிப்பாய்கள் உடல் தேறுவதற்கென்று இங்கே ஒரு நிலையத்தை அமைத்தார். இந்தக் குளிர் மலையில் அரசு முதன்முதலாகக் கவலைப்பட்டது சிப்பாயின் உடம்பைப் பற்றித்தான். தொழிலாளியின் உடம்பைப் பற்றிச் சட்டம் பேசுவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது.

சிப்பாயும் தொழிலாளியும் ஒரு வகையில் உறவினர்கள். இருவரையும் கூட்டமாகத் திரட்டிக் கூட்டமாகக் குடியிருத்தினார்கள். காலையில் வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்தார்கள். ஒருவனுக்குப் பாசறை, மற்றவனுக்கு லயம். ஒருவனுக்கு அணிவகுப்பு, மற்றவனுக்குப் பிரட்டு. இருவருக்கும் வைத்தியம் செய்ய ஒரே வகையான மனிதனைத்தான் ஆள்வோர் உருவாக்கினார்கள். முழு வைத்தியன் ஆகாமல், ஓரளவு படித்து, குறைந்த சம்பளத்தில், சொன்ன இடத்திற்குப் போகிறவன் அவன். படையில் அவனுக்கு டிரெஸ்ஸர், அப்போதிக்கரி என்று பெயர். தோட்டத்தில் டிஸ்பென்சர். இந்த மனிதனின் முதற் படிப்பு எப்படி வந்தது, இரண்டாம் படிப்புக்கான வழி யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்னாட்டில் இந்தப் படிப்பு சென்னையில் தொடங்கிற்று. 1835 பெப்ரவரி 2 ஆம் திகதி கவர்னர் சர் பிரெடெரிக் ஆடம் சென்னை மருத்துவப் பள்ளியைத் திறந்து வைத்தார். வில்லியம் மோர்ட்டிமர் என்ற வைத்தியர் நடத்திவந்த தனிக் கூடமே அரசாங்கப் பள்ளியாயிற்று. ஊர் மக்களுக்கு வைத்தியம் செய்வது அப்பள்ளியின் முதல் நோக்கமாக இருக்கவில்லை. சென்னைப் படையின் ஆஸ்பத்திரிகளுக்குக் கீழ்நிலை ஆட்கள் தேவைப்பட்டனர். ஐரோப்பியக் கலப்பினத்து இளைஞர்களை அப்போதிக்கரிகளாகவும், சுதேசிகளை டிரெஸ்ஸர்களாகவும் பழக்கினார்கள். புண் கட்டுவது, மருந்து கலப்பது, எலும்பு முறிவுக்குச் சிம்பு வைப்பது, நோயாளியின் நாட்குறிப்பை எழுதுவது, சர்ஜன் துரை வரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது என்ற அளவில் அவர்கள் படிப்பு நின்றது. ஒரே கூரையின் கீழ் இருவிதப் படிப்பு. படிப்பின் எல்லையைப் பிறப்பு தீர்மானித்தது.

ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. 1850 இல் அதே பள்ளி சென்னை மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. படைக்கென்று கட்டிய கட்டடம் காலப்போக்கில் பொதுமக்களின் கல்விக்கூடமாயிற்று. ஆள்வோர் தங்கள் தேவைக்குக் கொளுத்திய விளக்கு, அவர்கள் எண்ணாத வீடுகளிலும் வெளிச்சம் தந்தது.

இலங்கையில் நடந்தது என்ன? 1858 வரையில் இத்தீவின் வைத்திய நிர்வாகம் இராணுவத்தின் பிடியிலேயே இருந்தது. அவ்வாண்டில்தான் குடிசார் வைத்தியத் திணைக்களம் தனியாகப் பிரிந்தது. அதன் முதல் தலைவர் டாக்டர் கிறிஸ்டோபர் எலியட். இவர் கொழும்பு அப்சர்வர் பத்திரிகையையும் நடத்தியவர். கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரில் எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கக் கூடும் என்று 1849 இல் கணக்கிட்டு எழுதியது அந்தப் பத்திரிகைதான். அந்தத் தொகையைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கலாம். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியே நடந்து வந்த பாதையில், காலராவுக்கும் அம்மைக்கும் பட்டினிக்கும் பலியானவர்கள் எலும்பாகக் கிடந்தார்கள் என்பதில் விவாதம் இல்லை. போர்க்களத்தில் விழுந்தவனுக்குத் தூக்குக் கட்டில் காத்திருந்தது. இந்தப் பாதையில் விழுந்தவனைத் தூக்குவார் இல்லை.

வன்னியில் பறங்கிப்புண் மக்களை அழித்து வந்த கொடுமையை டாக்டர் ஜேம்ஸ் லூஸ் 1868 இல் ஆராய்ந்தார். அதன் விளைவாக 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றிற்று. பத்தாண்டுகளில் அது கல்லூரியாயிற்று. 1880களின் இறுதியில் அதன் பட்டத்தைப் பிரித்தானிய மருத்துவ மன்றமும் ஏற்றுக்கொண்டது. இங்கே படித்த இலங்கையர் கடல் கடந்து மேற்படிப்புப் படிக்க வழி திறந்தது. அதே அமைப்பின் மறுபக்கத்தில் அப்போதிக்கரிகளும் பயிற்றப்பட்டார்கள். மேல் படியில் நின்றவனுக்கு எடின்பரோ வரை பாதை. கீழ்ப் படியில் நின்றவனுக்குத் தன் மருந்து மேசையே எல்லை.

மொழியின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 இலிருந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் பயின்று வெளியேறினர். மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே முழுமையாகப் படிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர் 1873 இல் நாடு திரும்பியபின் அந்த முயற்சி தளர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1872 இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய முதற் சட்டம் பிறந்திருந்தது. தமிழ் பேசும் நோயாளர் இலட்சக்கணக்கில் மலையேறிய காலத்தில், தமிழில் வைத்தியம் கற்பிக்கும் கூடம் மங்கிப்போனது. இந்த இரண்டையும் இணைக்க எவரும் எண்ணவில்லை.

1872 இன் சட்டமும் 1880 இல் வந்த சட்டமும் தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்தன; அரசாங்க வைத்தியர்களும் மாவட்ட ஆஸ்பத்திரிகளும் வந்தன. 1912 இன் இரு சட்டங்கள் தோட்டத் துரையின் கடமைகளை இன்னும் விரிவாக வகுத்தன. ஆனால் மாவட்ட ஆஸ்பத்திரி மலைக்கு அப்பால் இருந்தது. லயத்துக்கு அருகில் இருந்தவர் டிஸ்பென்சர் ஒருவரே. அரசாங்க ஆஸ்பத்திரியில் சில காலம் பயின்று சான்றிதழ் பெற்றவர்களும் இருந்தார்கள். பழைய டிஸ்பென்சர் ஒருவரிடம் கையாளாக நின்று கற்றவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தார், மலையாளிகள், இந்தியாவிலிருந்து வந்தோர் எனப் பலரும் இவ்வேலையில் இருந்தனர். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் பல தலைமுறைகளின் பிறப்பையும் இறப்பையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இவர்களே.

இவர்களுடைய நிலைமையில் ஒரு முரண்பாடு இருந்தது. நோயாளியைப் பார்க்கிறவரும் அவர்தான். துரையிடம் சம்பளம் வாங்குகிறவரும் அவர்தான். காலைப் பிரட்டில் ஒருவன் உடம்பு சரியில்லை என்றால், அது மெய்யா, வேலைக் கள்ளமா என்று தீர்ப்புச் சொல்வது டிஸ்பென்சரின் பொறுப்பு. நோய் என்று எழுதினால் மலையில் ஓர் ஆள் குறையும். கள்ளம் என்று எழுதினால் நோயாளி கூடையைச் சுமந்துகொண்டு மழையில் ஏறுவான். படையில் டிரெஸ்ஸரும் இதே நெருக்கடியில்தான் நின்றான். காய்ச்சலென்று படுத்த சிப்பாய் நடிக்கிறானா என்று கண்டுபிடிப்பது அவன் வேலைகளில் ஒன்று. அரைகுறைப் படிப்பின் ஆபத்து மருந்தை மாற்றிக் கொடுப்பதோடு முடிவதில்லை. தன் அறிவில் உறுதியில்லாதவன் அதிகாரத்தின் முன் தன் முடிவில் நிற்க முடியாது. “இவனுக்கு ஓய்வு வேண்டும்” என்று துரையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரத்துக்கு முழுப் படிப்பும், அதற்குரிய தகுதியும், வேலைப் பாதுகாப்பும் துணை நிற்க வேண்டும்.

டிஸ்பென்சர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1916 இல் ராக்கபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் குடலில் புழு இருந்தது. வெறுங்காலோடு அசுத்த மண்ணில் நடப்பவனின் தோலைத் துளைத்து ஏறி, இரத்தத்தை உறிஞ்சி, உடலை வெளிறச் செய்யும் நோய் இது. சோம்பேறி என்று ஏசப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் இரத்தமிழந்தவர்கள் என்பது அப்போது வெளிப்பட்டது. டிஸ்பென்சர்களும், நுண்காட்டி பார்க்கப் பழக்கப்பட்ட உதவியாளர்களும் அவ்வேலையில் பங்குகொண்டார்கள். கற்றுக்கொடுத்தால் செய்வார்கள் என்பது நிரூபணமாயிற்று. ஆயினும் மருந்து கொடுத்த பின்னும் புழு திரும்பி வந்தது. ஏனென்றால் லயங்களுக்கு மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். நோயின் வேர் எங்கே என்று கண்டவருக்கு, அந்த வேரைத் தொடும் அதிகாரம் இல்லை.

உலகின் பிற இடங்களில் இவ்வகை மனிதருக்கு என்ன நேர்ந்தது? ருஷ்யாவில் பெல்ட்ஷர் என்பவன் பீட்டர் மன்னனின் படையில் தோன்றிய சிகிச்சையாளன். சேவை முடிந்து ஊர் திரும்பிய படைப் பெல்ட்ஷர்களே, 1864 க்குப் பின் ஸெம்ஸ்த்வோ என்னும் கிராம ஆட்சி மன்றங்களின் காலத்தில், நாட்டுப்புற ஏழைகளின் வைத்தியர் ஆனார்கள். அரைகுறை வைத்தியம் ஏழைக்குப் போதும் என்பதா என்று முற்போக்கு எண்ணம் கொண்ட மருத்துவர்களே அன்று கண்டித்தார்கள். அக்கேள்வி நியாயமானது. புரட்சிக்குப் பின் பெல்ட்ஷர் பள்ளிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன; சில ஆண்டு சேவைக்குப் பின் மருத்துவக் கல்லூரியில் சேர வழியும் திறக்கப்பட்டது. கிராமத்துப் பெல்ட்ஷராகத் தொடங்கி மருத்துவரானவர்கள் அங்கே ஏராளம்.

இந்தியாவில் இரண்டாம் உலகப் போர் ஒரு கதவைத் திறந்தது. 1943 ஏப்ரலில் அதிகாரி வைத்தியர் சேவை, கீழ்நிலை வைத்தியத் திணைக்களம், ஆஸ்பத்திரி ஊழியர் படை ஆகிய மூன்றும் இணைந்து இந்திய இராணுவ மருத்துவப் படையாயின. அதுவரை கீழ்ப்பட்டவர்களாக நடத்தப்பட்ட லைசன்ஷியேட் வைத்தியர்களுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. நூறாண்டுக்கு மேலாக நீடித்த வேலி போரின் நெருக்கடியில் சரிந்தது.

அமெரிக்காவில் 1965 இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் ஒரு புதிய படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருந்தாளராக இருந்துவிட்டு வெளியே வந்த நால்வர் முதல் வகுப்பில் சேர்ந்தனர். 1967 இல் மூவர் தேறினர். போர்க்களத்தில் உயிர் காத்த கைகள், ஊருக்குத் திரும்பியபின் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் வீணாகக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அங்கே இன்று உதவி மருத்துவர் என்ற பெரிய தொழிலாகவே அது வளர்ந்திருக்கிறது.

இந்த மூன்று கதைகளும் ஒன்றையே சொல்கின்றன. முதற் படிப்பு எங்கும் சிக்கனத்தால் பிறந்தது. அனுபவத்தை மதித்து இரண்டாம் படிப்பைக் கொடுத்த சமுதாயம், அதே மனிதரிடமிருந்து பன்மடங்கு பயன் பெற்றது.

மலைநாட்டிலோ கதவு இன்னும் இறுகச் சாத்தப்பட்டது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. பிரஜையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அரசாங்கப் பயிற்சிக்கும் வழியில்லை. லயத்தில் பிறந்து, டிஸ்பென்சரின் மேசையருகே நின்று வளர்ந்த பிள்ளைக்கு, அந்த மேசையைத் தாண்டிப் போகச் சட்டமே தடையாயிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடந்து அனுப்பியது. குடியுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால்தான் பெரும்பாலும் தீர்ந்தது. அதற்குள் இரண்டு தலைமுறைகள் கழிந்துவிட்டன.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றது. அதன் பலனைக் கண்கூடாகக் காண்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வந்திருக்கிறார்கள். தோட்ட ஆஸ்பத்திரிகளோ அந்த வேகத்தில் பொதுச் சுகாதார சேவையில் சேரவில்லை. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. பின்னர் சில ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஏற்றதேயன்றி, வேலை முழுமை பெறவில்லை. டிஸ்பென்சர் என்ற பெயர் மாறித் தோட்ட வைத்திய உதவியாளர் என்றாயிற்று. பெயர் மாறினாலும், கம்பனியின் ஊழியராக இருந்துகொண்டு தொழிலாளியின் நோய்க்குச் சாட்சி சொல்ல வேண்டிய பழைய சிக்கல் மாறவில்லை.

அரைகுறைப் படிப்பாளர் வேண்டாம், மருத்துவரே போதும் என்று சிலர் சொல்லலாம். நகரத்தில் அது சரியாகத் தோன்றும். மண்சரிவில் பாதை அடைபட்ட இரவில், மேல் டிவிஷனில் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கு மருத்துவர் எத்தனை மைலுக்கு அப்பால் இருக்கிறார் என்பதே கேள்வி. அந்த இரவில் அருகே இருப்பவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதில் இரண்டு உயிர்கள் தங்கியிருக்கின்றன. அருகே இருப்பவரைப் படிக்க வைப்பதும், பொதுச் சேவையில் சேர்த்துத் துரையின் கைக்கு அப்பாற்பட்டவராக்குவதும், அவர் மேலேறிச் சென்று மருத்துவராகவும் கூடிய வழியைத் திறப்பதும், தமிழில் அவருக்கு வைத்திய நூல்களைத் தருவதும் ஒரே கடமையின் பகுதிகள்.

படையின் தேவைக்காக அரசுகள் ஒரு படிப்பை ஒரே ஆண்டில் உருவாக்கியதைச் சரித்திரம் காட்டுகிறது. இத்தீவின் பெயரை உலகெங்கும் தேநீர்க் கோப்பையில் ஏற்றி அனுப்பிய மக்களின் உயிருக்காக ஒரு படிப்பை உருவாக்க ஒன்றரை நூற்றாண்டு போதாமற் போனதற்கு, வசதியின்மையைக் காரணமாகச் சொல்ல முடியாது. சிப்பாய்க்கு நுவரெலியாவில் இடம் கண்ட அரசு, கொழுந்தெடுப்பவளுக்கு அதே மலையில் முழு வைத்தியம் தருவதை இனியும் ஒத்திப்போடலாகாது.