கணினி ஒலியில் இரைச்சல்

கணினியோடு இணைத்த ஸ்பீக்கரிலோ ஒலிப்பதிவிலோ மூல ஒலியில் இல்லாத உறுமல், கீச்சொலி, சீறல், வெடிப்பொலி ஆகியவை கலந்து கேட்பதைக் கணினி ஒலி இரைச்சல் என்பர். புதுச் சவுண்ட் கார்டு வாங்குமுன் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் அதன் தன்மையே காட்டிவிடும்.

ஒரே சீரான உறுமலுக்குப் பெரும்பாலும் ‘எர்த் லூப்’ காரணம். கணினியும் ஆம்ப்ளிஃபயரும் தத்தம் மூன்று பின் பிளக் வழியாக எர்த் ஆகியிருக்கும். ஆடியோ கேபிளின் வெளியுறை அந்த இரண்டையும் மறுபடி இணைக்க, ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. இரு எர்த் முனைகளுக்கும் இடையில் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே போதும். வெளியுறையில் மின்னோட்டம் பாய்ந்து ஒலியோடு கலக்கும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமலும் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கேட்கும். அமெரிக்காவில் அது 60-இன் மடங்குகளில் இருக்கும்.

மடிக்கணினியில் இதைச் சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போதே சார்ஜரைக் கழற்ற வேண்டும். உறுமல் அந்த நொடியே நின்றால் அது சார்ஜர் வழியாகத்தான் வந்திருக்கிறது. இரு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பல இடங்களில் உறுமல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். அதில் ஒலிக்குறிகை காந்தப்புலம் வழியே கடக்கும். கம்பித் தொடர்பு இராது. ஒளியிழைக் கேபிளிலும் புளூடூத்திலும் இந்த வளையமே உருவாவதில்லை.

மவுஸை நகர்த்தும்போதும் கேம் ஓடும்போதும் கீச்சொலி மாறிக்கொண்டே இருந்தால், பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுக்கும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமே ஒலிச்சுற்றில் புகுகிறது. கேபினட்டின் முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்க ஜாக்கில் செருகிப் பார்க்க வேண்டும். முன்பக்க ஜாக்கின் வயர் மதர்போர்டை ஒட்டியே செல்வதால் இரைச்சலை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

ஒலிப்பதிவில் கேட்கும் சீறலுக்குப் பெரும்பாலும் மைக் ஒலியைப் பெருக்கும் ‘மைக் பூஸ்ட்’ அமைப்பே காரணம். அதைக் குறைத்து மைக்கை வாயருகே கொண்டுவருவதே சிறந்த வழி, 40 செ.மீ. தூரத்தை 10 செ.மீ. ஆக்கினால் குரல் சுமார் 12 டெசிபல் கூடும். பதிவுக்குப் பின் மென்பொருளால் சீறலை நீக்கும்போது குரலும் ஓரளவு சிதையும்.

விட்டு விட்டு வரும் ‘டப்’ ஒலிக்குக் கேபிள்தான் காரணம் என்றில்லை; ஒலித்தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் பஃபர் சிறிதாக இருப்பதும் காரணமாகலாம். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்பது 2.7 மில்லிவினாடி மட்டுமே. அதற்குள் கணினி அடுத்த தரவைத் தராவிட்டால் ஒலி அறுந்துபோகும். பஃபரை 512 ஆக்குவதும் டிரைவரைப் புதுப்பிப்பதும் பலன் தரும்.

உறுமலை நிறுத்தப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் மிக ஆபத்தானது. உறுமல் நிற்கலாம், ஆனால் உள்ளே இன்சுலேஷன் பழுதானால் கருவியின் உலோக உடலில் 230 வோல்ட் ஏறும். எர்த் பின்னை எக்காரணம் கொண்டும் அகற்றாதீர்கள்.