ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையும் ஈழத்துத் தமிழும்

கிறித்தவம் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை ஆராய்வோர் கத்தோலிக்கத் துறவியரையும் தரங்கம்பாடி லுத்தரன் ஊழியரையும் விரிவாக எடுத்துரைப்பர். அண்டிரிக்கு அடிகளார் 1578இல் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, சீகன்பால்கு 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, வீரமாமுனிவர் நூல்கள் ஆகியன இலக்கிய வரலாறுகளில் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளன. ஆயின், இவ்விரு மரபினும் வேறாகிய மூன்றாம் மரபொன்று ஈழத்தில் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தமிழொடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. அதுவே ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையாகும். அதன் தோற்றத்தையும் கோட்பாட்டையும் ஆராய்ந்து, அக்கோட்பாடே தமிழ் உரைநடைக்கு ஆக்கமாயிற்று என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

மூப்பர் ஆட்சி

திருச்சிராப்பள்ளிப் புத்தூர்ப் பகுதியில் வாழ்வோர் நன்கறிந்த கத்தோலிக்கத் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபை, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆகிய மூன்றும் ஆயரையோ பேராயரையோ தலைவராகக் கொண்டவை. பிரெஸ்பிட்டேரிய மரபோ அத்தகைய தனித்தலைமையை ஏற்பதில்லை. ‘மூப்பர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பரும் போதகரும் ஒருங்கமர்ந்து ஆளும் அவையே அதன் உயிர்நிலை. ஒரு சபை மற்றொரு சபைமேல் ஆதிக்கம் செலுத்தலாகாது என்னும் நெறியை 1571இல் எம்டன் நகரில் கூடிய ஒல்லாந்தப் பேரவை வகுத்தது.

சென்னையில் ஸ்காட்லாந்தியர் தோற்றுவித்த பிரெஸ்பிட்டேரிய சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியே 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்துவிட்டன. ஆதலின், மூப்பர் ஆட்சியையும் பழைய விசுவாசப் பத்திரங்களையும் விடாது போற்றிவரும் தொன்மையான சிறு திருச்சபையொன்றைத் தமிழுலகில் காண விழைவோர் ஈழத்தையே நோக்குதல் வேண்டும்.

கோட்பாடு

கால்வினது போதனையை ஏற்ற ஒல்லாந்தச் சபைகளுக்கு மூன்று பத்திரங்கள் அடிப்படையாயின. அவை 1561இல் எழுந்த பெல்ஜிய விசுவாச அறிக்கை, 1563இல் எழுந்த ஹைடல்பர்க் வினாவிடை, 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய பேரவையின் தீர்மானங்கள் என்பன. ஹைடல்பர்க் நூலின் 129 வினாக்களும் ஓராண்டின் 52 ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பகுத்து அமைக்கப்பட்டுள்ளன. சபையார் ஆண்டுதோறும் ஓதியும் கேட்டும் உளங்கொள்ளுதற்கு ஏற்ற அமைப்பு இது.

டோர்ட் பேரவையின் முடிபு, மனிதன் தன் முயற்சியால் மீட்புப் பெறான், இறைவன் தன் அருளாலேயே தேர்ந்துகொள்கிறான் என்பதாகும். இதனைப் படிக்கும் தமிழர்க்குத் திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரின் மார்ச்சார நியாயம் நினைவிற்கு வருதல் இயல்பு. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி தன் முயற்சி ஏதுமின்றிக் காக்கப்படுகிறது. ஒப்புமை தெளிவானதே, வேற்றுமையும் உண்டு. டோர்ட் பேரவை, மீட்கப்படுவோர் இன்னாரென்பது உலகத் தோற்றத்திற்கு முன்பே வரையறுக்கப்பட்டது என்றும், ஏனையோர் விடப்பட்டனர் என்றும் கூறும். இவ்வெல்லைக் கோடு தென்கலை மரபில் இல்லை.

நம் ஆய்விற்கு இன்றியமையாத செய்தி மற்றொன்றும் உளது. கோட்பாட்டை இவ்வாறு இறுக்கிய அதே பேரவைதான் எபிரேய, கிரேக்க மூலங்களினின்று வேதாகமத்தை ஒல்லாந்த மொழியில் பெயர்க்கவும் ஆணையிட்டது. அம்மொழிபெயர்ப்பு 1637இல் வெளிவந்தது. படிமமும் ஆரவாரச் சடங்கும் நீக்கப்பட்ட வழிபாட்டில் எஞ்சுவது சொல் ஒன்றே. அச்சொல் கேட்போரின் தாய்மொழியில் இல்லையாயின் வழிபாடே பொருளற்றதாகும். இறுகிய கோட்பாடு மொழிபெயர்ப்பைக் கட்டாயமாக்கிய வரலாறு இதுவாகும்.

ஈழத்தில் பரவியமை

காலியில் 1642இல் தொடங்கிய இத்திருச்சபை, 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும் தமிழரிடையே நுழைந்தது. அங்குப் பணியாற்றிய பால்தேயு பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் தமிழ் எழுத்துகளை ஐரோப்பியர்க்கு அறிமுகம் செய்தார். கோயிற்பற்றுதோறும் பள்ளிகள் நடைபெற்றன. நல்லூரில் 1690இலும் கொழும்பில் 1696இலும் குருமடங்கள் எழுந்தன.

எனினும், இப்பரவலில் அருளினும் ஆணை மிகுந்திருந்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. கத்தோலிக்கக் குருமார் தடை செய்யப்பட்டனர். அரசுப் பதவி விரும்பியோர் திருமுழுக்குப் பெறவேண்டியதாயிற்று. மூப்பர் அவையிலேயே கம்பெனியின் அலுவலர் ஒருவர் அமர்ந்திருந்தார். மீட்பு மனித ஆணையால் வருவதன்று எனப் போதித்த சபை, மனித ஆணையால் மக்களைச் சேர்த்தது. இம்முரண்பாடே பின்னர் அதன் வீழ்ச்சிக்கு வித்தாயிற்று.

பிலிப்பு தெ மெல்லோ

இச்சபையின் தமிழ்ப்பணிக்கு முடியாக விளங்குபவர் பிலிப்பு தெ மெல்லோ (1723–1790). கொழும்பில் பிறந்து, அந்நகர்க் குருமடத்தில் பயின்று, போதகராகத் திருநிலை பெற்ற தமிழர் இவர். கத்தோலிக்கக் கொள்கையை மறுத்துச் ‘சத்தியத்தின் செயம்’ என்னும் நூலை எழுதினார். கிரேக்க மூலத்தினின்று இவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று. சீகன்பால்குவின் பெயர்ப்புத் தமிழைப் பின்னர்க் கற்ற அயல்நாட்டாரின் உழைப்பு. மெல்லோவினுடையதோ தமிழொடு பிறந்து வளர்ந்தவரின் உழைப்பு. மூலமொழியினின்றே பெயர்த்தல் வேண்டும் என்ற டோர்ட் நெறி தமிழில் நிறைவேறியது இவர் கையிலாகும்.

இவர் தமிழ்ப் புலமை சமய எல்லைக்குள் அடங்கியதன்று. சூடாமணி நிகண்டிற்கு இவர் செய்யுட்கள் சேர்த்து விரித்தமையைச் சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ கூறுகிறது. தமிழகத்தினின்று யாழ்ப்பாணம் சென்று வாழ்ந்த சைவப் புலவராகிய கூழங்கைத் தம்பிரான், தாம் பாடிய யோசேப்பு புராணத்தை இவர்க்கே உரிமையாக்கினார் என்பதும் அந்நூல் தரும் செய்தி. கோட்பாட்டில் சிறிதும் நெகிழாத சபையின் போதகரும் சைவத் தம்பிரானும் தமிழால் நண்பராயினர்.

முடிபு

1796இல் ஆங்கிலேயர் ஈழத்தின் கரையோரத்தைக் கைப்பற்றியதும் ஆணையால் சேர்ந்தோர் பெரும்பாலும் விலகினர். பலர் சைவத்திற்கும் பௌத்தத்திற்கும் கத்தோலிக்கத்திற்கும் மீண்டனர். யாழ்ப்பாணக் கோட்டையில் 1706இல் எழுந்த தேவாலயம் அண்மைக்கால உள்நாட்டுப் போரில் அழிந்தது. கொழும்பில் 1757இல் அர்ப்பணிக்கப்பட்ட உல்வெண்டால் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 2007இல் இலங்கைக் கிறித்தவச் சீர்திருத்தத் திருச்சபை எனப் பெயர் மாறிய இச்சிறு சபையில் தமிழ் வழிபாடும் நடைபெறுகிறது.

அரசாணை சேர்த்த கூட்டம் அரசொடு நீங்கிற்று. நம்பிக்கையால் நின்ற சிறு தொகையினரும், அந்நம்பிக்கை ஈன்ற நூல்களும் எஞ்சினர். அந்நூல்களின் சொல்லாட்சியையும் தொடரமைப்பையும் தரங்கம்பாடிப் பெயர்ப்புகளோடு ஒப்புநோக்கி ஆராயாது எழுதப்படும் பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடை வரலாறு நிறைவுடையதாகாது. இளம் ஆய்வாளர் இத்துறையில் முனைவாராக.