திடீர் மரணம்: துணையை இழந்தவருக்குச் சேர வேண்டியவை

இரவு சாப்பிட்டுப் படுத்தவர் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தோட்டத்திலும் பட்டணத்திலும் அடிக்கடி காதில் விழும் செய்திதான் இது. நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர் வீட்டில் எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். திடீரென்று போனவர் எதையும் சொல்லிவிட்டுப் போவதில்லை. காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, அந்த வீட்டுச் சுமை முழுவதும் துணையின் தலையில் வந்து விழுகிறது.

மருத்துவமனைக்கு வரும்போதே உயிர் இல்லை என்றால் போலீசுக்குத் தகவல் போகும். குடும்பத்தார் பதறத் தேவையில்லை. இது வழக்கமான நடைமுறை. காரணம் தெளிவாகத் தெரியாவிட்டால் பிரேதப் பரிசோதனை கேட்கப்படலாம். இறந்தவர் இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ சிகிச்சை பெற்றிருந்தால், அவருடைய கிளினிக் புத்தகத்தையும் சாப்பிட்டுவந்த மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரிய உதவி.

மரணத்தைத் தேசியப் பதிவுத் துறையில் 7 நாள்களுக்குள் பதிய வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று ஒத்திப்போடக் கூடாது. இறந்தவரின் அடையாள அட்டையும் அங்கேயே ஒப்படைக்கப்படும். மரணச் சான்றிதழின் உறுதி செய்யப்பட்ட நகல்கள் சிலவற்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இனி ஏறி இறங்கப்போகும் எல்லா முகப்பிடங்களிலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அதிகம் பேர் தவறவிடுவது சொக்சோ. வேலையிடத்தில் அடிபட்டால்தான் சொக்சோ பணம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. வீட்டில் தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தவரின் மனைவி விண்ணப்பிக்கவே போகாமல் இருந்துவிடுவது இதனால்தான். உண்மை வேறு. சொக்சோவின் கீழ் இரண்டு முக்கியத் திட்டங்கள் உள்ளன. வேலை விபத்துக்கான திட்டம் ஒன்று. மற்றது செயலிழப்புத் திட்டம்; 60 வயதுக்குள் இறந்த சந்தாதாரர் எங்கே, எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் அது பொருந்தும். இறப்புக்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருந்தால், வாரிசுகளுக்கு மாதாந்திர ஓய்வூதியம் உண்டு. அந்தக் கணக்கு சரிப்படாதவர்களுக்கும், மொத்தச் சந்தாக் காலத்தைப் பார்த்துக் குறைந்த விகிதத்தில் கிடைக்க வழி இருக்கிறது. ஆகவே, “நமக்குக் கிடைக்காது” என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. தொகையில் ஐந்தில் மூன்று பங்கு துணைக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளின் பங்கு 21 வயது அல்லது திருமணம் வரை; பல்கலைக்கழகத்தில் படித்தால் முதல் பட்டம் முடியும் வரை. இறுதிச் சடங்குக்கான உதவித்தொகை தனி.

வேலை செய்துகொண்டிருந்த மனைவி இறந்தால் கணவருக்கும் இதே உரிமை உண்டு. இதைச் சொன்னால் பல ஆண்கள் வியக்கிறார்கள். வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகளுக்கும் 2022 டிசம்பர் முதல் தனித் திட்டம் நடப்பில் உள்ளது. 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆண்டுச் சந்தா 120 ரிங்கிட்தான்.

ஊழியர் சேமநிதியில் நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால் வேலை சுலபம். முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில், யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் சேரும். அது சொத்துப் பங்கீட்டில் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவின் பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதியவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சேமிப்புக்கு வெளியே, 2,500 ரிங்கிட் மரண உதவித்தொகையும் உண்டு. இறந்தவர் 60 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும்; 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இறந்தவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு, தகவல் தெரிந்ததும் முடக்கப்படும். உயில் இல்லாவிட்டால் தீபகற்பத்திலும் சரவாக்கிலும் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான் பேசும். பிள்ளைகளும் இறந்தவரின் பெற்றோரும் இருந்தால் துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. வீடும் பணமும் மனைவிக்கே வந்துவிடும் என்று நம்பியிருந்த குடும்பங்களில் மாமியார் மருமகள் மனஸ்தாபம் இங்கேதான் தொடங்குகிறது. வீடு, நிலம் உட்பட சொத்தின் மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்போகாவிட்டால் நில அலுவலகத்தின் வழியாகவே முடித்துக்கொள்ளலாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிலம் எதுவும் இல்லாமல் ரொக்கமும் வாகனமும் மட்டும் இருந்தால், 6 லட்சம் ரிங்கிட் வரை அமானா ராயா கவனிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு தாள்: திருமணச் சான்றிதழ். 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு, கோயிலில் தாலி கட்டி ஊரைக் கூட்டி விருந்து வைத்திருந்தாலும், பதியாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் அல்ல. இருபது வருடம் கூடவே வாழ்ந்தவள், பங்கீட்டுச் சட்டத்தின்படி மனைவியாக எதையும் கேட்க முடியாது. அந்தத் தேதிக்கு முன் சம்பிரதாயப்படி நடந்த திருமணங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்னும் பதியாமல் வாழ்பவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே என்று கூச்சப்படாமல், இருவரும் இருக்கும்போதே பதிவுத் துறைக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம். திருமணப் பதிவு அதிகாரி உள்ள கோயில்களிலும் இதைச் செய்யலாம். அதுவரை சேமநிதியில் துணையின் பெயரை நியமனதாரராக எழுதி வைப்பது ஓரளவு காப்பு; அங்கே யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம்.

தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை பார்த்தவர் இறந்துவிட்டால் குடும்பம் எவ்வளவு நாள் தங்கலாம், வேறு யாருக்காவது அங்கே வேலை கிடைக்குமா என்பதை நிர்வாகத்திடம் பேசி எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பாக்கிச் சம்பளத்தையும் எடுக்காத விடுமுறைக்கான பணத்தையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. தொழிற்சங்கத்தில் சந்தா கட்டியவராக இருந்தால், தலைவரை உடன் அழைத்துச் செல்லலாம்.